குடல் எழுதும் ஓலை
(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் உரையாற்றுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபொழுது, கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். இருபத்தைந்து ஆண்டுகளாக அதனைச் செயலில் காட்டிவரும் இந்த அவைக்கு அதனை எடுத்துரைக்க நான் யார்? ஆகவே வேறொரு பொருளை எடுத்துக்கொண்டேன். நீரிழிவு என்றும் சர்க்கரை நோய் என்றும் நாம் கூறும் நோய்க்கும், அதனோடு கைகோத்து வரும் உடற்பருமனுக்கும் அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள மருந்துகளே அப்பொருள். நான் மருத்துவன் அல்லன். வேதியியல் பயின்றவனும் அல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். ஒரு மருந்து எவ்வாறு உருவாயிற்று என்பதும் வரலாறுதானே என்ற துணிவில் பேசுகின்றேன். எம்மருந்தை உண்ண வேண்டும், எதனைத் தவிர்க்க வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

இந்நோய் செல்வர் வீட்டு நோய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். அக்காலம் கடந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் நீரிழிவுற்றோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். வயது வந்தோரில் 100 பேருக்கு 11 பேருக்கு மேல் என்பது கணக்கு. வெள்ளையரோடு ஒப்பிட்டால், நம்மவர்க்கு மிகக் குறைந்த எடையிலேயே இந்நோய் வந்துவிடுகின்றது. ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு ஏது சர்க்கரை என்று சொல்லிக்கொண்டே கால் விரலை இழந்தவர்கள் நம் தெருக்களிலேயே உண்டு.

முதலில் ஒரு சொல்லை விளக்கியாக வேண்டும். அஃது 'ஏற்பி' என்னும் சொல். நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்குச் செய்தி அனுப்ப விரும்பினால், ஒரு வேதிப்பொருளை இரத்தத்தில் விடுகின்றது. அதனை ஹார்மோன் என்கிறோம். அதனை ஓர் ஓலை என வைத்துக்கொள்ளுங்கள். ஓலை ஊர் முழுவதும் சுற்றி வருகின்றது. ஆனால் அதனைப் பெற்றுப் படிக்கத் தெரிந்தவர் எந்த வீட்டில் இருக்கின்றாரோ அந்த வீட்டில் மட்டுமே வேலை நடக்கும். அவ்வாறு உயிரணுவின் வாயிலில் நின்று ஓலையைப் பெற்றுக்கொள்ளும் புரதமே ஏற்பி. 1905ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் லாங்லி என்பவரும், அதே காலப் பகுதியில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்பவரும் இத்தகைய ஒன்று இருந்தாக வேண்டும் எனக் கூறினர். எவரும் அதனைக் கண்ணால் கண்டதில்லை. இல்லாமல் இவ்விளைவு நேராது என்னும் தருக்கத்தால் கண்டார்கள்.

இன்சுலின் அத்தகைய ஓலைகளுள் ஒன்று. கணையம் அதனைச் சுரக்கின்றது. அது கிடைத்ததும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. 1921இல் கனடா நாட்டுத் தொரான்டோவில் பேன்டிங், பெஸ்ட் ஆகியோர் அதனைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. காப்புரிமையைப் பெயரளவில் ஒரு டாலர் விலைக்குப் பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டனர் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளுங்கள்; பின்னர் இதற்கு வேலை இருக்கின்றது. இன்சுலின் கோடானுகோடி உயிர்களைக் காத்தது, காக்கின்றது. எனினும் அதற்கு ஓர் இடர் உண்டு. ஊசி மருந்தின் அளவு சற்றுக் கூடினாலும், உண்ண வேண்டிய வேளையில் உண்ணாவிட்டாலும், சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரும். ஓலை வந்துவிட்டால், சர்க்கரை இருக்கின்றதா இல்லையா எனத் தசை கேட்பதில்லை.

சர்க்கரை மிகுந்திருக்கும்பொழுது மட்டும் வேலை செய்து, மற்ற வேளையில் வாளாவிருக்கும் ஓலை ஒன்று உண்டா? உண்டு, அதனை எழுதுவது நம் குடல்.

1902இல் இலண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், குடலிலிருந்து ஒரு பொருள் இரத்தத்தின் வழியே சென்று கணையத்தைத் தூண்டுகின்றது என மெய்ப்பித்தனர். ஹார்மோன் என்னும் சொல்லே அதன் பின்னர்தான், 1905இல் பிறந்தது. 1964இல் செய்த ஆய்வுகள் மேலும் வியப்பளித்தன. குளுக்கோஸ் கரைசலை வாய்வழி அருந்தக் கொடுத்தால் கணையம் சுரக்கும் இன்சுலின், அதனையே ஊசி வழியாக நேரே இரத்தத்தில் செலுத்தினால் சுரப்பதைவிட மிகுதியாக இருந்தது. சர்க்கரை ஒன்றுதான், வந்த வழி வேறு. குடல் வழியாக வந்த சர்க்கரையைப் பற்றிக் குடல் முன்னதாகவே கணையத்துக்குத் தெரிவித்துவிடுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. அந்த ஓலையில் எழுதியிருப்பது யாது என்பதைப் படித்தறிய மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

படிக்க உதவியது ஒரு மீன். பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹேபனர் என்பார், தூண்டில் மீன் எனப்படும் கடல்மீனின் கணையத் திசுவை எடுத்து ஆராய்ந்தார். அம்மீனில் ஹார்மோன் சுரக்கும் பகுதி தனித்துத் திரண்டிருப்பதால் பிரித்தெடுப்பது எளிது. குளுக்ககான் என்னும் ஹார்மோனுக்குரிய மரபணுவைப் படித்தபொழுது, அதற்குள்ளேயே அதனை ஒத்த மற்றொரு பொருளும் மறைந்திருப்பது 1982இல் தெரிய வந்தது. அடுத்த ஆண்டு மனிதரின் மரபணுவிலும் அவ்வாறே காணப்பட்டது. குளுக்ககானை ஒத்த பெப்டைடு 1 எனப் பெயரிட்டனர். ஆங்கில முதலெழுத்துகளால் ஜி.எல்.பி. 1 என்பர்.

ஆயினும் மரபணுவில் படித்த 37 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பொருளைச் செய்து சோதித்தபொழுது கணையம் அசையவில்லை. இங்கேதான் ஓர் அம்மையார் வருகின்றார். ஸ்வெட்லானா மோய்சோவ் என்பது அவர் பெயர். அன்றைய யுகோஸ்லாவியாவின் ஸ்கோப்பியே நகரில் பிறந்தவர். பெல்கிரேடில் வேதியியல் பயின்று, நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் மெரிபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயிற்சி பெற்றவர். அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் பெப்டைடுகளைச் செய்யும் முறையை வகுத்தமைக்காக 1984இல் நோபல் பரிசு பெற்றவர் அந்த மெரிபீல்டு. மாணவி அக்கலையைக் கற்றுத் தேர்ந்து, பாஸ்டன் மருத்துவமனையில் பெப்டைடு செய்து தரும் பகுதிக்குப் பொறுப்பேற்றார். குளுக்ககானின் அமைப்பை ஆண்டுக்கணக்கில் அறிந்திருந்த அவர், 37இல் முதல் ஆறும் தேவையற்றவை, ஏழாவதிலிருந்து தொடங்குவதே உண்மையான ஓலை எனக் கணித்தார். 37இல் 6 போக 31. தமிழ் படித்த உங்களுக்கு அந்த எண் மறக்காது: உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று.

கணித்ததோடு நில்லாமல், தம் கையாலேயே அப்பொருளைச் செய்தார். குடலில் அஃது இருப்பதைக் கண்டறியும் முறையையும் வகுத்தார். 1987இல் அவரும் ஹேபனரும் கார்டன் வீர் என்பவரும் வெளியிட்ட கட்டுரை, அந்த 31 எழுத்து ஓலை எலியின் கணையத்தில் மிகச் சிறிய அளவிலேயே இன்சுலினைப் பெருகச் செய்வதைக் காட்டியது. அதே ஆண்டில் டென்மார்க்கில் ஜென்ஸ் ஹோல்ஸ்ட் என்பவரும் தம் வழியில் அதே உண்மையை எட்டினார். சர்க்கரை தாழ்ந்திருந்தால் இந்த ஓலை கணையத்தை ஏவுவதில்லை என்பதும் தெளிவாயிற்று. 1992இல் அதன் ஏற்பியும் கண்டறியப்பட்டது. கணையத்தில் மட்டுமன்றி, மூளையில் பசியையும் நிறைவையும் அறியும் இடங்களிலும் அந்த ஏற்பி உண்டு. இரைப்பை மெல்லக் காலியாவதும் உண்டது போதும் என்ற நிறைவு வருவதும் இவ்வோலையின் வேலைகளே.

இவ்வளவு தெரிந்த பின் மருந்து செய்ய என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். தடை, இரண்டே நிமிடம். இந்த ஓலை இரத்தத்தில் புகுந்தவுடன், ஒரு நொதி அதன் தலைப்பிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளைக் கத்தரித்துவிடுகின்றது. தலை போன ஓலையை ஏற்பி ஏற்பதில்லை. ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் பாதி ஓலைகள் வீணாகிவிடும். 1993இல் ஜெர்மனியில் நோயாளிகளுக்குச் சொட்டுச் சொட்டாக இடைவிடாது செலுத்திப் பார்த்தார்கள். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பான அளவுக்கு இறங்கியது. ஆனால் வாழ்நாள் முழுவதும் எவர் குழாயோடு படுத்துக் கிடப்பர்?

இதற்கு இரு வழிகள் பிறந்தன. ஒன்று, கத்தரிக்கும் நொதியைத் தடுப்பது. 2006 முதல் வந்த சிட்டாகிளிப்டின் போன்ற மாத்திரைகள் அவ்வகை. மற்றொன்று, கத்தரிக்க முடியாத ஓலையை எழுதுவது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங் என்னும் மருத்துவர், ஹீலா என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் அத்தகைய பொருளை 1992இல் கண்டார். அமெரிக்கப் பாலை நிலத்தில் வாழும் பல்லி அது. அதன் உமிழ்நீரிலிருந்த பொருள் நம் ஓலையோடு பாதியளவே ஒத்திருந்தும், அதே ஏற்பி அதனை ஏற்றுக்கொண்டது. நொதியோ அதனை எளிதில் வெட்டவில்லை. அதனைச் செயற்கையாகச் செய்து, நாளைக்கு இருமுறை போடும் ஊசியாக 2005இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

டென்மார்க்கில் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டே பியரே நுட்சன் என்னும் மற்றோர் அம்மையாரின் குழு வேறு சூழ்ச்சி செய்தது. ஓலையோடு ஒரு கொழுப்பு அமிலத்தைக் கட்டிவிட்டார்கள். இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் எப்பொழுதும் ஓடிக்கொண்டிருக்கின்றது. கொழுப்பைச் சுமப்பது அதன் இயல்பு. ஓடும் வண்டியில் ஏறிக்கொண்ட பயணியைப் போல ஓலை ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு நொதியின் கைக்கு அகப்படாமல் சுற்றி வந்தது. இவ்வாறு பிறந்த லிராகுளுட்டைடு 2009இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது; நாளைக்கு ஓர் ஊசி. பின்னர், நொதி வெட்டும் இடத்திலிருந்த அமினோ அமிலத்தை மாற்றி, கட்டிய கொழுப்பையும் நீளமாக்கி, செமாகுளுட்டைடு செய்தார்கள். இரண்டு நிமிடம் வாழ்ந்தது ஏறத்தாழ ஒரு வாரம் வாழ்ந்தது. 2017இல் நீரிழிவுக்கும், 2021இல் உடற்பருமனுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 2021இல் வெளியான சோதனையில் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 14.9 விழுக்காடு குறைந்தது. 100 கிலோ எடையுள்ளவர் 85 கிலோவுக்கு வந்தார் எனலாம். எலி லில்லி நிறுவனத்தின் டிர்செபடைடு, இரண்டு ஏற்பிகளுக்கு ஒரே ஓலையால் செய்தி சொல்வது. 72 வாரங்களில் மிகுந்த அளவில் போட்டவர்க்கு 20.9 விழுக்காடு குறைந்தது. 17,604 பேரிடம் செமாகுளுட்டைடை வைத்து நடந்து 2023இல் வெளியான மற்றொரு சோதனை, மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவை சேர்ந்து 20 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. என் அளவில், எடைக் குறைப்பைவிட இதுவே பெரிய செய்தி.

நிற்க. ஏற்பியைக் குறிவைத்த மருந்தெல்லாம் நன்மையே தரும் என எண்ணிவிடாதீர்கள். ரிமோனபன்ட் என்னும் மருந்து, பசியோடு தொடர்புடைய வேறோர் ஏற்பியை மூடிவிடுவது. 2006இல் ஐரோப்பாவில் எடை குறைக்க விற்பனைக்கு வந்தது, எடையும் குறைந்தது. ஆனால் அதே ஏற்பி மூளையில் மகிழ்ச்சியைக் காக்கும் இடங்களிலும் குடியிருந்தது. உண்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் ஆளாயினர். 2008இல் விற்பனை நிறுத்தப்பட்டது. புதிய மருந்துகளிலும் குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல் போன்ற தொல்லைகள் உண்டு. கொழுப்போடு தசையும் கரையும். நிறுத்தினால், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்ததை ஆய்வு காட்டியது. அழகுக்காகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது பெருந்தவறு.

மோய்சோவ் அம்மையாருக்குத் திரும்புகின்றேன். கண்டுபிடிப்பின் காப்புரிமை விண்ணப்பங்களில் ஹேபனரின் பெயர் மட்டுமே கண்டுபிடிப்பாளர் என இருந்தது. தாமே கணித்து, தம் கையாலேயே செய்த பொருளின் ஏட்டில் தம் பெயர் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தார் அம்மையார். வழக்கறிஞர்களை அமர்த்திப் பல ஆண்டுகள் போராடினார். இறுதியில் நான்கு காப்புரிமைகளில் அவர் பெயர் இணைக் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்கப்பட்டது. இருந்தும், 2021இல் கனடாவின் கெய்ர்ட்னர் பரிசு ஹேபனர், ஹோல்ஸ்ட், டிரக்கர் ஆகிய மூவருக்கே அளிக்கப்பட்டது. 2023இல் அம்மையார் வாய் திறந்து பேசினார். செய்தியாளர்கள் பழைய கட்டுரைகளைப் புரட்டினார்கள். அவை 1986, 1987ஆம் ஆண்டு அச்சில் அவர் பெயரோடு இருந்தன. 2024இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு ஹேபனர், நுட்சன், மோய்சோவ் ஆகிய மூவருக்கும் அளிக்கப்பட்டது. ஹேபனரின் பணியைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. மீனின் மரபணுவைப் படித்திராவிட்டால் இக்கதையே இல்லை. ஆனால் வருகைப் பதிவேட்டோடு வாழ்நாளைக் கழித்த ஆசிரியன் நான். ஏரி வெட்டியவரும் கரை கட்டியவரும் நம் பாட்டன்மார். கல்வெட்டில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் கேட்டிருந்தாலும் காட்டுவதற்கு ஓர் ஏடு அவர்கள் கையில் இருந்ததில்லை. இந்த அம்மையார் கையில் இருந்தது. செய்முறை ஏட்டில் நாளிட்டு எழுதுங்கள் என உங்கள் ஆசிரியர் சொல்லும்பொழுது சலித்துக்கொள்ளும் மாணவர்கள் இதனைச் சிந்திப்பீர்களாக.

இனி விலை. டிர்செபடைடு 2025 மார்ச்சில் நம் நாட்டில் அறிமுகமானபொழுது, மிகச் சிறிய அளவான 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாய். 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று. நான்கு வாரத்துக்குக் கணக்கிட்டால் முதலளவுக்கே 14,000 ரூபாய். கூலி வேலையை நம்பி வாழும் குடும்பம் அதனைக் கனவிலும் எண்ண இயலாது. ஒரு டாலருக்கு விட்டுக்கொடுத்த இன்சுலினை இங்கே நினைத்துப் பாருங்கள். ஆயினும் விலை என்பது கல்லில் பொறித்ததன்று. நம் நாட்டில் சிட்டாகிளிப்டின் காப்புரிமை 2022இல் முடிந்தது. பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கின. விலை வெகுவாக இறங்கியது. செமாகுளுட்டைடின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச் மாதமே கெடு என்பதால், அதனைச் செய்ய நம் நாட்டு நிறுவனங்கள் பல முன்கூட்டியே ஆயத்தமாயின. பழைய மருந்தைச் சற்றே திருத்திப் புதிய காப்புரிமை கேட்பதை நம் சட்டத்தின் 3(டி) பிரிவு தடுக்கின்றது. புற்றுநோய் மருந்து ஒன்றைப் பற்றிச் சென்னையில் தொடங்கிய வழக்கில் 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நிலைநாட்டியது. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் செமாகுளுட்டைடு, டிர்செபடைடு முதலியவற்றை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறுவதும் அரசு மருத்துவமனையின் மருந்து அறைக்கு வந்து சேர்வதும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கக் கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும். கேட்பதற்கு மருந்தின் பெயரும் சட்டத்தின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பொருளை இவ்விழாவில் நான் எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

மாணவர்களுக்கு ஒன்று கூறுவேன். பெப்டைடு செய்யும் தொழில் இன்று இந்தியாவில் வளரும் தொழில். நீரிழிவாளரின் இரத்தக் கொழுப்பைக் குறைக்க, உயிரணுவுக்குள் இருக்கும் ஏற்பிகளைக் குறிவைக்கும் சரோகிளிட்டசார் என்னும் மருந்தை அகமதாபாத் நிறுவனமான சைடஸ் தானே கண்டுபிடித்து, 2013இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் கடினம் என்று நீங்கள் அப்பிரிவையே தவிர்ப்பதைக் காண்கின்றேன். கரிம வேதியியலில் அமினோ அமிலம் என்று வரும் பாடம் நான்கைந்து பக்கம்தான். அதனைத் தள்ளிவிட்டுத் தேர்வுக்குச் செல்லாதீர்கள்.

பெரியவர்களுக்கு உரியது இனி வருவது. புதிய ஊசி வரட்டும் என்று இருக்கின்ற மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மெட்பார்மின் மலிவானது, நெடுங்காலம் ஆராயப்பட்டது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைப்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி மருந்து வீட்டுக்கே வருகின்றது. உங்கள் பெயர் அப்பணியாளரின் பதிவேட்டில் இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ என இருமுறை வந்தால் அது நீரிழிவு. 100க்கும் 125க்கும் இடையில் இருந்தால் எச்சரிக்கை. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரவு உண்ட பின் எட்டு மணி நேரம் எதுவும் உண்ணாமல், தேநீரும் அருந்தாமல் செல்ல வேண்டும், தண்ணீர் அருந்தலாம். பாதத்தை நாள்தோறும் விளக்கொளியில் பாருங்கள்.